பெருவிரலை மடக்கியபோது

இலங்கை மலைநாட்டில், பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் ஒரு மண்டபத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். முழங்காலுக்குக் கீழே தோலை நீக்கிக் காட்டிய ஒரு கால். தசைகள் சிவப்பு, நாண்கள் வெள்ளை, நரம்புகள் மஞ்சள். வகுப்பு தொடங்கியதும் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்வேன். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாதத்தை மட்டும் மேலே தூக்குங்கள், இப்போது முன்னங்கால் எலும்புக்கு வெளிப்பக்கமாகக் கையை வைத்துப் பாருங்கள் என்பேன். கைக்குக் கீழே ஒரு சதை திரண்டு எழும். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் இருக்கும் ஆடுசதையை எல்லோருக்கும் தெரியும். மலையேறும்போது உடம்பை உந்தித் தள்ளுவது அது. வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடுவோம். முன்னால் இருக்கும் இந்தச் சதையை யாரும் கண்டுகொள்வதில்லை. அடி எடுத்து வைக்கும்போது பாதத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிப்பது இதுதான். இது போய்விட்டால் பாதம் தொங்கிப்போகும், விரல் நுனி தரையில் இடறும்.

பிறகு படத்தைக் காட்டி விளக்குவேன். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தசைகள் நான்கு கட்டாகப் பிரிந்திருக்கின்றன. முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்னால் மேலோட்டமாக ஒன்று, அதற்கும் உள்ளே ஆழத்தில் ஒன்று. ஒவ்வொரு கட்டையும் ஒரு சவ்வு உறை சுற்றி மூடியிருக்கிறது. அந்த உறை விரிந்துகொடுக்காது. அடிபட்டு உள்ளே வீங்கினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. ரத்தம் ஓடும் சின்னச் சின்னக் குழாய்களை அது நெரித்துவிடும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். வெளியே பார்த்தால் பெரிய காயம் எதுவும் இருக்காது. பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தால் நாடிகூட ஓடிக்கொண்டிருக்கும். நம்ப வேண்டியது வலியை மட்டும்தான். பட்ட அடிக்குக் கொஞ்சமும் பொருந்தாத வலி. கால் விரலை மடக்கினால் உயிர் போகிற வலி. கூடவே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்துப்போகும். இப்படி ஒருவர் சொன்னால், கட்டு ஏதும் போட்டிருந்தால் அந்த நிமிடமே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஒரு டிஸ்பென்சர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அம்மாவின் காலைக் கெடுத்த கதையையும் சொல்வேன். கதையாகச் சொன்னால் யாருக்கும் மறக்காது.

போன மாதம் ஹல்துமுல்லைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை கையை உயர்த்தி, "அந்த டிஸ்பென்சருக்கு என்ன ஆச்சு சேர்?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். வகுப்பை முடித்து, படத்தைச் சுருட்டிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முகம் சுட்டது. அந்த டிஸ்பென்சர் நான்தான். இத்தனை வருஷமாக, இத்தனை வகுப்புகளில், என்னை யாரோ ஒருவனாக ஆக்கிக் கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்குக் கைதட்டல் வேறு வாங்கியிருக்கிறேன்.

தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நான் போனபோது எனக்கு இருபத்துநாலு வயது. நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன்தான், ஆனால் வேறு தோட்டம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உத்தியோகத்தர் வீட்டில் குடியிருந்துகொண்டு, ஆட்கள் "டாக்டரய்யா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்தத் தோட்டத்தில்தான் சின்னம்மா வாழ்க்கைப்பட்டிருந்தார். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறும்போது கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு முதலில் உச்சிக்குப் போய் நிற்பது அவர்தான். கீழே இருந்து பார்த்தால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குக் கீழே அவருடைய கால்கள் மட்டும் தெரியும். ஏற்றத்தில் ஆடுசதை திரண்டு திரண்டு இறங்கும். டிஸ்பென்சரி பாடப்புத்தகத்தில் இருந்த கால் படத்தைவிட அந்தக் கால் தெளிவாக இருந்தது என்று ஒருமுறை நினைத்திருக்கிறேன். என்னை வீட்டில் வைத்துத் தம்பி என்பார். மருந்து வாங்க வந்தால், நாலு பேர் முன்னால், ஐயா என்பார். அந்த மரியாதையை நான் வேண்டாமென்று ஒருநாளும் சொல்லவில்லை.

சுகமில்லாதவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் டிஸ்பென்சர் கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். அந்தத் துண்டுதான் என் அதிகாரம். நான் லயத்துப் பிள்ளை என்பதால் கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு கொடுத்துவிடுவேன் என்று ஆபீஸில் பேச்சு வந்துவிடக்கூடாதே என்று எனக்குப் பயம். அதிலும் சொந்தக்காரருக்குக் கொடுத்தான் என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் மற்ற தோட்டங்களில் இருந்தவர்களைவிட நான் கறாராக இருந்தேன். நடிப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வித்தையும் வைத்திருந்தேன். எனக்கு வேலை பழக்கிய ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தது. முழங்காலில் வலி, கணுக்காலில் வலி என்று யாராவது வந்தால், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கால் பெருவிரலைப் பிடித்துச் சட்டென்று கீழே மடக்க வேண்டும். வலி ஓரிடத்தில் இருக்க, விரலைத் தொட்டதற்கு ஒருவன் கத்தினால் அவன் நடிக்கிறான். இப்படி மூன்று நாலு இளவட்டங்களைப் பிடித்திருக்கிறேன். அவர்களும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். என் வித்தையில் எனக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னம்மா மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டார். கானோரத்துக் கல்லில் முன்னங்கால் இடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். பார்த்தேன். தோல் லேசாக வழன்றிருந்தது, கொஞ்சம் வீக்கம். எலும்பு நெடுக அழுத்திப் பார்த்தேன், முறிவு போலத் தெரியவில்லை. மருந்து வைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இழுபடும் துணியால் ஒரு கட்டுக் கட்டினேன். எனக்குக் கட்டுக் கட்டுவதில் நல்ல கை என்று பெயர். சுற்றுக்கு மேல் சுற்று ஒரே சீராக, ஒரு மடிப்பு விழாமல், நன்றாக இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாளைக்கு இதை அவிழ்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒருநாள் துண்டும் எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரிக்கு ஒருநாளைக்கு மேல் கொடுக்கவில்லை என்பதை அங்கே இருந்தவர்கள் பார்க்கட்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிபோல மறுபடி வந்தார். புருஷன் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். சுவரோரத்து வாங்குப் பலகையில் பத்துப் பேர் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மாவின் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஐயா என்று கூப்பிட மறந்துவிட்டார்.

"தம்பி, கட்டக் கொஞ்சம் தளத்தி விடுய்யா. உள்ளுக்க இருந்து வெடிச்சிரும் போல இருக்கு."

வாங்கில் இருந்த ஒருவர் சிரித்தது மாதிரி எனக்குப் பட்டது. உண்மையில் சிரித்தாரோ என்னவோ. தம்பி என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பாதத்தின் மேல் விரல் வைத்தேன், நாடி ஒழுங்காக ஓடியது. பாதம் சூடாகத்தான் இருந்தது. வேறு என்ன செய்கிறது என்று கேட்டேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மட்டும் மரத்துப்போய், அங்கே தொட்டால் தொட்டது தெரியவில்லை என்றார். முன்னங்காலில் அடிபட்டவளுக்கு விரலிடுக்கில் மரத்துப்போகுமா? நன்றாகத்தான் கற்பனை பண்ணுகிறார் என்று நினைத்தேன். மலையில் இன்னும் மழையா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பெருவிரலைப் பிடித்துக் கீழே மடக்கினேன்.

அவர் போட்ட சத்தத்தில் வாங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. என் வித்தை பலித்துவிட்டது. பாதப் பக்கம் தளர்ந்திருந்த ஒரு சுற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். "இந்த நடிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம். இன்னொரு துண்டுக்கு வந்தீங்கன்னா அது கெடைக்காது" என்றேன். சொந்தச் சின்னம்மாவைப் பார்த்து, பத்துப் பேர் கேட்கும்படி அப்படிச் சொன்னேன். அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கட்டை அவிழ்க்கக்கூடாது என்று நான் சொன்னதால் அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கும். மறுநாள் காலையில் அவர் புருஷன் வந்து கூப்பிட, போய்ப் பார்த்தேன். வலி குறைந்துவிட்டது என்றார் சின்னம்மா. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பாதத்தைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார், அது எழும்பவில்லை. தன்னுடைய பாதத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் தூக்கப் பார்த்தார். முழங்கால் அசைந்தது, தொடை அசைந்தது, பாதம் கிடந்த இடத்தில் கிடந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு, தோட்டத்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பார்த்த டாக்டர் ஓர் இளைஞர். தமிழ் தெரியாது. சின்னம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். காலில் பதிந்திருந்த கட்டின் தடத்தைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. இதை இவ்வளவு இறுக்கிக் கட்டியது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சின்னம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "டிஸ்பென்சரியில லேசாத்தான் கட்டுனாங்க. வலி தாங்காம நான்தான் அவுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். தடுமாறாமல், ஒரு சொல் பிசகாமல், நல்ல சிங்களத்தில் சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்காத சனங்கள் இப்படித்தான் தாங்களே வைத்தியம் பார்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள், டிஸ்பென்சர் சொன்னபடி கேட்டிருந்தால் இந்தக் கதி வருமா என்று திட்டினார். திட்டியதையும் சொல் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். என் வாயாலேயே, எனக்குச் சேர வேண்டிய திட்டை, கட்டிலில் கிடந்தவரிடம் சொன்னேன். சின்னம்மா சரி சரி என்று தலையாட்டினார்.

காலைத் திறந்து பார்த்தபோது முன்கட்டுத் தசை சாம்பல் நிறத்தில், கத்தி பட்டும் துடிக்காமல் கிடந்ததாம். வெட்டி எடுத்துவிட்டார்கள். பின்னால் இருந்த ஆடுசதைக்கு ஒன்றும் ஆகவில்லை. உந்தித் தள்ளும் பலம் அப்படியே இருக்க, தூக்கிப் பிடிக்க ஆளில்லாத பாதம் அது. மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். இனி மேட்டு மலைக்கு ஏற முடியாதென்று கீழே சமதரையில் விட்டார்கள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தாங்கு மழையில் நனைந்து நாறியதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டி, செருப்பின் நுனியில் ஒரு முனையும் முழங்காலுக்குக் கீழே ஒரு முனையுமாகக் கட்டிக்கொண்டார். அந்த ரப்பர் பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். ஈரத்தில் அது நழுவும்போது, படியேறுகிறவர் போல முழங்காலை உயரத் தூக்கி வைப்பார், பாதம் டப்பென்று விழும். டிஸ்பென்சரிக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டால் நான் உள்ளறையில் மருந்து தேடப் போய்விடுவேன்.

என்னை அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்காள் மகன், வளர வேண்டிய பிள்ளை, வேலை போய்விடக்கூடாது என்று பாசத்தில்தான் பொய் சொன்னார் என்று நான் முடிவு பண்ணிக்கொண்டேன். அந்தப் பாசம் என்னைக் குத்தியது, ஆனால் தாங்கியும் பிடித்தது. இரண்டு வருஷத்தில் யார் யாரையோ பிடித்துப் பதுளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவின் காரியத்துக்கு அவர் வந்திருந்தபோதுகூட, பந்தலில் வேலை இருப்பதுபோல் தள்ளியே நின்றேன்.

வகுப்பில் அந்தப் பெண் பிள்ளை கேள்வி கேட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்குப் போனேன். எல்லாம் நடந்து பத்தொன்பது வருஷம். சின்னம்மா தன் லயத்து வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். வாய்யா என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் கொட்டினேன். கட்டியது நான், இறுக்கியது நான், நடிப்பு என்று சொன்னது நான், டாக்டர் முன்னால் உண்மையைச் சொல்லாமல் நின்றதும் நான். என் மேல் இருந்த பாசத்தில் நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள், அதற்கு நான் லாயக்கில்லாதவன் என்றேன். கண் கலங்கிவிட்டது.

சின்னம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பாசமா? ஒம் மேலயா? அன்னைக்கு ஒன்னையக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுய்யா. ஒன் எடத்துக்கு வர வேற யாரும் இருந்திருந்தா அந்த டாக்டர்கிட்டயே ஒன் பேரச் சொல்லியிருப்பேன்."

பிறகு நிதானமாகச் சொன்னார். "ஒனக்கு முன்னுக்கு இருந்தவருக்குத் தமிழ்ல ஒரு வார்த்த வராது. தங்கமான மனுசன்தான். ஆனா ஒரு பொம்பளைக்கு உதிரம் நிக்காமப் போவுதுன்னா, சிங்களம் படிச்ச மகனக் கூட்டிட்டுப் போயி அவன் வாயாலதான் சொல்லணும். பெத்த மகன்கிட்ட எப்புடிச் சொல்றது? யாரும் சொல்லல. அப்புடியே வச்சிருந்தோம். நீ வந்த பொறகுதான் ஒவ்வொருத்தியா வாயத் தொறந்தா. ஒன்னையத் தூக்கிட்டாங்கன்னா மறுபடி அதே கததானே? எங்காலு போனது போனதுதான். அவளுகளுக்கு நீ வேணும்னுதான் பொய் சொன்னேன்."

எனக்கு நினைவு வந்தது. வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் போகும்வரை சில பெண்கள் காத்திருப்பார்கள். கடைசியில் உள்ளே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொல்வார்கள். அது எனக்குத் தொந்தரவாக இருந்தது, கதவடைக்க நேரமாகிறதே என்று எரிச்சல் படுவேன்.

"நீதான் ரெண்டு வருசத்துல ஓடிட்டியே" என்றார் சின்னம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போஞ்சிக்கு மழை போதவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

எனக்குப் பிறகு யார் வந்தார்கள் என்பதை அவரே சொன்னார். மூன்று பேர் வந்து போனார்களாம். ஒருவருக்கும் தமிழ் தெரியாதாம்.  பத்தொன்பது வருஷமாக என்னைத் தாங்கியது அவருடைய பாசம் என்று நம்பியிருந்தேனே, அப்படி ஒன்று இருந்ததே இல்லை. தன் காலுக்குக் கேட்க வேண்டிய நியாயத்தை விட்டுக்கொடுத்து அவர் அந்தப் பெண்களுக்காக ஓர் ஆளை நிறுத்தி வைத்திருந்தார். அந்த ஆள் தன் வெட்கத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

வந்ததுதான் வந்தாய், அடுத்த காம்பராவில் ஒரு பிள்ளை இருக்கிறாள், என்னவென்று கேட்டுவிட்டுப் போ என்று எழுந்தார். போனோம். "இவரு முன்னுக்கு இங்கன இருந்த டாக்டரு. தமிழ்ல சொல்லலாம்" என்று மட்டும் அவளிடம் சொன்னார். நான் இப்போது டிஸ்பென்சர் இல்லை, மருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டு, சிங்களத்தில் எழுதியாவது கொடுங்கள், ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்கிறோம் என்றார்கள். செய்தி எப்படிப் போனதோ, அரை மணி நேரத்தில் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். சின்னம்மா வெளியே நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாவதாக வந்தவளுக்கு என் வயதிருக்கும். கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து, நாலு பிள்ளை பெற்று, கருப்பை கீழே இறங்கிவிட்டது. துணியை அடைத்து வைத்துக்கொண்டுதான் மலைக்குப் போகிறாளாம். புருஷனைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். எழுதிக்கொண்டே, எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நீங்க மாத்தலாகிப் போன வருசத்துலருந்துங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடி.